வெயிலைப் பங்கிடும் நெல் வயல்கள்

ஜப்பானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காடு. அந்தக் காட்டின் பெரும்பகுதி செங்குத்தான மலைச்சரிவு. எஞ்சிய சமவெளிகளில்தான் நகரங்களும் தொழிற்சாலைகளும் இருப்புப்பாதைகளும் நெல் வயல்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன என்பதால், புதிதாக எதை நிறுவ வேண்டுமென்றாலும் ஏற்கெனவே இருக்கும் ஒன்றின் இடத்தைத்தான் எடுத்தாக வேண்டும். 2011 மார்ச்சில் நிகழ்ந்த புகுஷிமா அணுஉலை விபத்துக்குப் பின் நாட்டின் அணுமின் நிலையங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டு, 2012 ஜூலையில் சூரிய மின்சாரத்தை யூனிட்டுக்கு 40 யென் வீதம் 20 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ளும் கொள்முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இந்த நெருக்கடி ஒரே நாளில் கூர்மையடைந்தது. சூரியத் தகடு பதிக்க இடம் தேடியவர்கள் மலைச்சரிவுகளில் மரங்களை வெட்டினர். உழுவார் இல்லாமல் கிடந்த வயல்களை வாங்கினர். சில இடங்களில் நன்றாக விளைந்துகொண்டிருந்த நிலத்தின் மீதும் கண் வைத்தனர். உணவா, மின்சாரமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அந்த நாடு தள்ளப்படுவதுபோல் தோன்றிய அந்த வேளையில், இரண்டையும் ஒரே நிலத்தில் அடுக்காக வைக்கும் வழி ஒன்று அங்கே ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது.

அந்த வழியின் விதை ஜெர்மனியில் முளைத்தது. பிராய்பர்க் நகரில் சூரிய ஆற்றல் ஆய்வுக்கென 1981-இல் பிரான்ஹோபர் நிறுவனத்தைத் தொடங்கிய இயற்பியலாளர் அடால்ப் கோட்ஸ்பெர்கர், அதே காலத்தில், சூரிய ஆற்றலை ஏற்கும் பரப்புகளைத் தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் உயர்த்தி, வரிசைகளுக்கிடையே வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட்டால் அவற்றின் அடியில் உருளைக்கிழங்கு பயிரிடலாம் என்று கணக்கிட்டு எழுதினார். அக்கருத்து பல ஆண்டுகள் தாளிலேயே இருந்தது. ஜப்பானில் வேளாண் பொறியியல் துறையில் பணியாற்றிய அகிரா நாகாஷிமா, தாவரங்கள் ஓர் எல்லைக்கு மேல் ஒளியைப் பயன்படுத்துவதில்லை என்ற தாவரவியல் உண்மையிலிருந்து புறப்பட்டு, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய குழாய்ச் சட்டங்களின் மேல் ஒடுக்கமான தகடுகளை இடைவெளி விட்டுப் பொருத்தும் அமைப்பை 2004 அளவில் உருவாக்கி, சிபா மாநிலத்தில் பல பயிர்களோடு சோதித்தார். பயிருக்கு மிஞ்சும் வெயிலை மின்சாரத்துக்குக் கொடுப்பது என்ற பொருளில் அவர் இதை ‘சோலார் ஷேரிங்’ என்று அழைத்தார். காப்புரிமையைத் தன் கையில் இறுக்கி வைத்துக்கொள்ளாமல் எல்லோரும் பயன்படுத்தத் திறந்துவிட்டார். இம்முறை இன்று ஆயிரக்கணக்கான வயல்களுக்குப் பரவியிருப்பதில் அந்த முடிவுக்குப் பெரும் பங்குண்டு.

நாகாஷிமா எடுத்துக்கொண்ட தாவரவியல் உண்மையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். ஏனெனில் நெல்லைப் பொறுத்தவரை அது உண்மையின் ஒரு பாதி மட்டுமே. இலை காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, ஒளியின் ஆற்றலால் அதைச் சர்க்கரையாக்கும் ஒளிச்சேர்க்கையில், மங்கலான ஒளியிலிருந்து ஒளி கூடக்கூட வேகமும் கூடிக்கொண்டே போகும். ஆனால் ஒரு கட்டத்தில் ஒளி போதுமான அளவுக்கு மேல் இருந்தாலும், கரியமில வாயுவைப் பிடித்துச் சேர்க்கும் ரூபிஸ்கோ என்னும் நொதி அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் வேகம் மேலும் கூடுவது நின்றுவிடுகிறது. இந்த எல்லைக்கு ஒளி நிறைவுப் புள்ளி என்று பெயர். மக்காச்சோளம், கரும்பு போன்ற நாற்கரிம வகைப் பயிர்கள் கரியமில வாயுவை முன்கூட்டியே செறிவாக்கிக்கொள்ளும் ஏற்பாடு உடையவை என்பதால் உச்சி வெயிலிலும் இந்த எல்லையை எளிதில் தொடுவதில்லை. முக்கரிம வகையைச் சேர்ந்த நெல், கோதுமை, சோயா ஆகியவற்றின் தனி இலையோ முழு வெயிலில் பாதியைச் சற்று கடந்த அளவிலேயே நிறைவுக்கு அருகில் வந்துவிடுகிறது. எனவே மீதி ஒளி நெல்லுக்கு வேண்டாத ஒளி, அதை எடுத்துக்கொண்டால் நட்டமில்லை என்ற முடிவுக்கு வருவது இயல்புதான்.

ஆனால் வயல் என்பது தனி இலை அன்று. நட்டு 2 மாதம் ஆன நெல் வயலில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல் ஐந்தாறு சதுர மீட்டர் இலைப்பரப்பு அடுக்கடுக்காக நிற்கிறது. மேல் இலைகள் நிறைவை எட்டியிருக்கும் அதே நொடியில், அவற்றின் நிழலில் இருக்கும் கீழ் இலைகள் ஒளிப் பற்றாக்குறையில் இருக்கின்றன. இன்றைய உயர்விளைச்சல் ரகங்களின் இலைகள் நிமிர்ந்து நிற்குமாறு தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணமே, மேலே விழும் ஒளி சாய்வாகப் பட்டு, பல இலைகளுக்குப் பிரிந்து, அடிவரை இறங்க வேண்டும் என்பதுதான். இப்படி ஒளியைப் பங்கிட்டுக்கொள்ளும் பயிர்த்தொகுதியை முழுமையாக எடுத்துக்கொண்டால், முழு வெயிலிலும்கூட அது நிறைவை அடைவதில்லை. ஒளி கூடினால் கொஞ்சமேனும் கூடுதலாக உற்பத்தி செய்கிறது, குறைந்தால் கொஞ்சமேனும் இழக்கிறது. ஆகவே நெல் வயலின் மேல் நிழலை விழச் செய்துவிட்டு விளைச்சல் சிறிதும் குறையாது என்று சொல்பவர், தனி இலைக்கு உரிய கணக்கை வயலுக்குப் போட்டுவிட்டார் என்றே பொருள். இழப்பு உண்டு, அது எவ்வளவு, எந்த நிழலில், எந்தப் பருவத்தில் என்பதே அறிவியல் கேட்க வேண்டிய கேள்வி.

எந்தப் பருவத்தில் என்பதற்கு நெல் ஆய்வு நெடுநாட்களுக்கு முன்பே விடை கண்டிருக்கிறது. ஜப்பானிய நெல் அறிஞர் மட்சுஷிமா வகுத்தளித்த முறையின்படி, நெல் விளைச்சலை நான்கு கூறுகளின் பெருக்கமாகக் காணலாம்: ஒரு சதுர மீட்டரில் எத்தனை கதிர்கள், ஒரு கதிரில் எத்தனை பூக்கள், அவற்றில் எத்தனை சதவீதம் பதராகாமல் மணி பிடித்தன, மணியின் எடை என்ன. இந்நான்கும் ஒரே காலத்தில் முடிவாவதில்லை. நடவு முடிந்து தூர்விடும் பருவத்தில் கதிர்களின் எண்ணிக்கையும், பயிரின் உள்ளே இளங்கதிர் உருவாகித் தொண்டைக்கதிராகும் பருவத்தில் பூக்களின் எண்ணிக்கையும், கதிர் வெளிவந்து பால் பிடித்து முற்றும் பருவத்தில் மணி நிறைவும் எடையும் தீர்மானமாகின்றன. பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1970-களில் யோஷிதாவும் உடன் பணியாற்றியவரும் வெவ்வேறு பருவங்களில் மட்டும் பயிருக்கு நிழல் கொடுத்துப் பார்த்தபோது, தூர்விடும் பருவத்து நிழல் விளைச்சலைச் சிறிதளவே பாதித்தது; இளங்கதிர் உருவாகும் பருவத்து நிழல் மிகக் கடுமையாகவும், மணி முற்றும் பருவத்து நிழல் அதற்கு அடுத்தபடியாகவும் பாதித்தன. தூர்விடும் பருவத்தில் இழந்ததைப் பயிர் பின்னர் ஓரளவு ஈடுகட்டிக்கொள்கிறது. உருவாகாமல் போன பூவை எந்தப் பின்வெயிலும் திரும்பத் தராது.

நிழலின் தன்மை என்ன என்பதும் அதன் அளவுக்குக் குறையாத முக்கியத்துவம் உடையது. 3 மீட்டர் உயரத்தில் 35 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தகடு, நீளவாக்கில் வடக்கு தெற்காக வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், உச்சி வேளையில் அத்தகட்டின் நிழல் தரையில் மணிக்கு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் வீதம் கிழக்கு நோக்கி நகரும். ஒரு குறிப்பிட்ட நெற்குத்தின் மேல் அது அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே தங்கும். பிறகு வெயில், பிறகு அடுத்த தகட்டின் நிழல். நிழலிலிருந்து வெயிலுக்கு வந்த இலை உடனே முழு வேகத்தில் இயங்கத் தொடங்குவதில்லை. நொதிகள் விழித்து, இலைத்துளைகள் திறக்கப் பல நிமிடங்கள் ஆகும். அதனால் நிழல் மிகச் சிறு துண்டுகளாகி அடிக்கடி மாறினாலும் இலை ஒரு சிறு வரி கட்டவேண்டியிருக்கிறது. அதே தகடுகளை இடைவெளியின்றிக் கிழக்கு மேற்காக நீண்ட பட்டைகளாக வைத்தால் நிலைமை தலைகீழாகிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் செப்டம்பர் இறுதியில், ஒரு பொருளின் நிழல்முனை நாள் முழுவதும் கிழக்கு மேற்கான ஒரே நேர்கோட்டில்தான் நகரும். ஆகவே அப்படிப்பட்ட பட்டையின் நிழல் காலை முதல் மாலை வரை ஒரே வரிசை நெல்லின் மேலேயே கிடக்கும். அந்த மாதத்தில்தான் ஜப்பானின் பல பகுதிகளில் நெல்மணி முற்றுகிறது. அறுவடைக்கு முன் அத்தகைய வயலைப் பார்த்தால் பச்சையும் பொன்னிறமும் மாறி மாறிக் கோடு போட்டதுபோல் தெரிவதற்கு இதுவே காரணம். பச்சைக் கோட்டில் உள்ள கதிர்கள் சில நாட்கள் பின்தங்கி முற்றுகின்றன, அறுவடை இயந்திரமோ இரண்டையும் ஒரே நாளில் அறுத்தாக வேண்டும். தகடுகளைச் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல் விட்டு விட்டு அமைப்பதும், வரிசையின் திசையைப் பருவத்தோடு பொருத்திப் பார்த்து முடிவு செய்வதும் இக்குறையைத் தணிக்கும். தகட்டின் பரப்பு ஒன்றாகவே இருக்க, அது அமையும் விதத்தால் மட்டும் விளைச்சல் வேறுபடக்கூடும் என்பதைத் திட்டமிடுவோர் பலர் பொருட்படுத்துவதில்லை.

நிழலில் வளரும் நெல் தன் உடலை மாற்றிக்கொள்கிறது. இலையில் பச்சையம் கூடுகிறது, தண்டு உயர்கிறது, தூர்களின் எண்ணிக்கை குறைகிறது. உயர்ந்த, மெலிந்த தண்டு காற்றில் சாய்வதற்கு ஏதுவானது, குறிப்பாகச் சுவைக்காக ஜப்பானியர் பெரிதும் விரும்பும் கோஷிஹிகாரி ரகம் இயல்பிலேயே உயரமானது, எளிதில் சாய்வது. இந்நிலையில், இலை கருத்து நிற்கிறதே என்று மகிழ்ந்து வழக்கமான தழைச்சத்தை இட்டால் சாய்வும் குலை நோயும் சேர்ந்து வரும். தகட்டின் கீழ் பயிரிடும் உழவர் உர அளவைக் குறைக்கவும், தூர் குறைவை ஈடுகட்ட நடவு நெருக்கத்தைச் சற்றுக் கூட்டவும், தண்டு குட்டையான ரகத்தைத் தேடவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேலே தகடு வந்துவிட்டால் கீழே பழைய சாகுபடிமுறை அப்படியே செல்லாது.

இவையெல்லாம் சேர்ந்து விளைச்சலில் எப்படி வெளிப்படுகின்றன என்பதை ஜப்பானிய வயல்களில் அளந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, நிழல் வீதம் 27 முதல் 39 சதவீதத்துக்குள் இருக்கும்வரை வழக்கமான விளைச்சலில் குறைந்தது 80 சதவீதம் கிடைக்கும் என்று மதிப்பிட்டது. நிழல் வீதம் என்பது வயலின் பரப்பில் தகடுகள் மூடும் பங்கு. 80 என்ற எண் தற்செயலாக வந்தது அன்று. ஜப்பானின் வேளாண், வன, மீன்வள அமைச்சகம் 2013 மார்ச் இறுதியில் விளைநிலத்தின் மேல் தகடு அமைக்க முதன்முறையாக அனுமதி அளித்தபோது விதித்த நிபந்தனை அது. அந்த ஏற்பாட்டின்படி, நிலம் விளைநிலமாகவே தொடரும். தூண்கள் ஊன்றிய இடத்துக்கு மட்டும் தற்காலிகப் பயன்மாற்ற அனுமதி வழங்கப்படும். தகடுகளைத் தாங்கும் சட்டகம் எளிதில் அகற்றக்கூடியதாகவும், கருவிகள் இயங்கும் அளவுக்கு ஏறத்தாழ 2 மீட்டரோ அதற்கு மேலோ உயரமுள்ளதாகவும் இருக்க வேண்டும். அப்பகுதியின் சராசரி விளைச்சலில் 20 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, தரமும் பெரிதாகக் கெடக் கூடாது. ஆண்டுதோறும் விளைச்சல் விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். தொடக்கத்தில் 3 ஆண்டுகளுக்கே வழங்கப்பட்ட அனுமதி, 2018-இல் முழுநேர உழவர் பயிரிடும் நிலம், பாழ்பட்ட நிலம் போன்றவற்றுக்கு 10 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. பாழ்பட்ட நிலத்தை மீட்டுப் பயிரிடுவோருக்கு 80 சதவீத நிபந்தனை 2021-இல் தளர்த்தப்பட்டது.

இந்த நிபந்தனை ஏன் தவிர்க்க முடியாதது என்பதைக் கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும். 1 ஹெக்டேர் வயலில் 30 சதவீத நிழல் என்றால் 3,000 சதுர மீட்டர் தகடு. சூரிய ஒளியில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும் இன்றைய தகடுகளால் அது 600 கிலோவாட் திறன். ஜப்பானின் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஆண்டில் ஏறத்தாழ 1,100 யூனிட் தரும் என்பதால் மொத்தம் 6.6 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு வெறும் 10 யென் விலை வைத்தாலும் 66 லட்சம் யென். அதே ஹெக்டேரில் ஜப்பானின் சராசரியான 5.3 டன் பழுப்பரிசி விளைந்து, 60 கிலோ மூட்டை 15,000 யென்னுக்கு விற்றால் கிடைப்பது ஏறத்தாழ 13 லட்சம் யென். செலவுகளைக் கழிக்காத தோராயக் கணக்கு இது. ஆனாலும் அதன் போக்கு தெளிவானது. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு போனால் இழப்பு 3 லட்சம் யென்னைக்கூடத் தொடாது. தகட்டைச் சற்று நெருக்கி வைத்தால் அந்த இழப்பைப் போல் பல மடங்கு மின்சாரத்தில் வந்துவிடும். பணக்கணக்கின் கையில் மட்டும் விட்டால், ஒவ்வோர் ஆண்டும் இன்னும் கொஞ்சம் தகடு, இன்னும் கொஞ்சம் குறைந்த நெல் என்றே அது நகரும். இறுதியில் தகட்டின் அடியில் பெயருக்குப் பயிர் நிற்கும். நெல்லும் மின்சாரமும் கூட்டாளிகள் என்று சொல்வது அழகாக இருக்கலாம்; இந்தக் கூட்டில் ஒருவரின் கை எப்போதும் ஓங்கியிருக்கிறது, மற்றவரைச் சட்டம்தான் காக்க வேண்டும்.

அந்த அச்சம் வீணானது அன்று என்பதை ஜப்பானின் அனுபவமே காட்டுகிறது. 2022 நிதியாண்டு முடிவதற்குள் அனுமதிகளின் எண்ணிக்கை 5,000-ஐத் தாண்டியது. ஆனால் தகடுகளின் அடியில் பயிரானவற்றில் நெல்லின் பங்கு சிறியதே. வழிபாட்டுக்குப் பயன்படும் சகாகி, ஷிகிமி போன்ற நிழல் விரும்பும் செடிகளும், இஞ்சி இனத்தைச் சேர்ந்த மியோகாவும் பெரும் பங்கைப் பிடித்துக்கொண்டன. நிழலைத் தாங்கும் பயிரைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை; எனினும் நாட்டின் சோறு விளையும் நிலம் அலங்காரத் தழை விளையும் நிலமாக மாறினால் உணவையும் மின்சாரத்தையும் சேர்த்துப் பெற்றதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பெயருக்கு நட்டுவிட்டுக் களை மண்ட விட்ட இடங்களும் இருந்ததால், அதுவரை வழிகாட்டு நெறிகளாக இருந்தவற்றை 2024 ஏப்ரலில் அரசு விளைநிலச் சட்டத்தின் விதிகளுக்குள்ளேயே கொண்டுவந்து இறுக்கியது. சரியான நடவடிக்கை அது. இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

நிலச் சமன் விகிதம் என்ற அளவுகோலையும் இவ்விடத்தில் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஊடுபயிர் ஆய்விலிருந்து எடுக்கப்பட்ட இது, இரண்டையும் தனித்தனி நிலங்களில் செய்திருந்தால் எவ்வளவு நிலம் தேவைப்பட்டிருக்கும் என்பதைக் கூறுவது: நெல் தன் வழக்கமான விளைச்சலில் 0.8 பங்கும், மின்சாரம் தனி மின்நிலையம் தரக்கூடியதில் 0.6 பங்கும் கிடைத்தால் விகிதம் 1.4, அதாவது 1 ஹெக்டேர் 1.4 ஹெக்டேரின் வேலையைச் செய்கிறது. 2011-இல் பிரான்சின் மோன்பெலியே ஆய்வாளர்கள் நிலத்தின் மொத்தப் பயன் 35 முதல் 73 சதவீதம் வரை கூடலாம் என்று கணித்தனர்; ஜெர்மனியில் ஹெகல்பாக் பண்ணையில் 194 கிலோவாட் அமைப்பின் கீழ் கோதுமை, உருளைக்கிழங்கு முதலியவற்றைப் பயிரிட்டு 2017-இல் 160 சதவீதம் என்ற பயன்பாட்டை அளந்தனர். இவை மெய்யான ஆதாயங்கள்தாம். ஆயினும் நெல் 0.4, மின்சாரம் 1.0 என்றாலும் விகிதம் அதே 1.4 தான். கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்று. அரிசி வாங்கிச் சாப்பிடுபவருக்கு ஒன்றல்ல. கூட்டுத்தொகையை வெளியிடும் ஒவ்வோர் அறிக்கையும் நெல்லின் பங்கைத் தனியே அச்சிட்டாக வேண்டும்.

நிழல் எப்போதும் இழப்பாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை, மாறிவரும் கோடையிலிருந்து பிறக்கிறது. கதிர் வெளிவந்த பின் ஏறத்தாழ 20 நாட்களின் சராசரி வெப்பநிலை 26, 27 பாகை செல்சியசைத் தாண்டினால், மணிக்குள் மாவுச்சத்து நெருக்கமாகப் படியாமல், அரிசியின் நடுவிலோ முதுகிலோ சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்த பகுதி தோன்றுகிறது. அத்தகைய அரிசி தீட்டும்போது உடைகிறது, தரப் பரிசோதனையில் கீழே இறங்குகிறது. 2023-இன் கடும் வெப்பத்தில், கோஷிஹிகாரிக்குப் பேர்பெற்ற நீகாட்டா மாநிலத்தில் அந்த ரகத்தின் முதல்தர அரிசி 5 சதவீதத்துக்கும் கீழே போனது. அடுத்த ஆண்டு கோடையில் நாடெங்கும் கடைகளில் அரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2025 வசந்தத்தில் 5 கிலோ பையின் விலை 4,000 யென்னைக் கடந்து ஓராண்டுக்கு முன்பிருந்ததைப் போல் இரு மடங்கானது. மேலே போட்ட கணக்கில் நெல்லுக்கு வைத்த விலை, நெல் தாராளமாகக் கிடைக்கும் காலத்து விலை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தகடுகளின் நிழல் கதிரின் வெப்பத்தைக் குறைத்து இந்த வெளுப்பைத் தடுக்குமா என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. ஏனெனில் மணி நிறையும் பருவத்தில் ஒளி குறைவதும் தன்னளவில் பால்வெண்மை அரிசியை உண்டாக்கும். வெப்பம் தணிவதால் வரும் நன்மையும் ஒளி குறைவதால் வரும் தீமையும் ஒரே மணிக்குள் மோதுகின்றன. எது வெல்லும் என்பது அந்த ஆண்டின் வானத்தைப் பொறுத்தது.

வடக்கே போனால் அதே நிழல் வேறு முகம் காட்டுகிறது. தொஹோகு, ஹொக்கைடோ பகுதிகளில் தொண்டைக்கதிர்ப் பருவத்தில் குளிர்காற்று வீசினால் மகரந்தம் மலடாகி நெல் பதராகும். 1993-இன் குளிர்ந்த கோடையில் ஜப்பானின் நெல் விளைச்சல் வழக்கமான அளவில் 74 சதவீதமாகச் சரிந்து, வெளிநாட்டு அரிசியை அவசரமாக இறக்குமதி செய்ய நேர்ந்தது. வயல் நீரை வெயில் சூடாக்குவதைத் தடுக்கும் எதுவும் அத்தகைய ஆண்டில் கேடு. ஒரு நாட்டுக்குள்ளேயே ஒரே வடிவமைப்பு ஓரிடத்தில் மருந்தாகவும் இன்னோரிடத்தில் நஞ்சாகவும் இருக்கக்கூடும் என்னும்போது, ஒரு பகுதியில் அளந்த எண்ணை நாடெங்கும் விரித்துக் கணக்கிடுவது அறிவியல் ஆகாது.

நெல் வயலின் சேறும் தன் பங்குக்குச் சில நிபந்தனைகளை விதிக்கிறது. தொழி அடித்த மேல்மண்ணுக்குக் கீழே, பல தலைமுறை உழவால் இறுகிய ஒரு கடினப் படுகை இருக்கிறது. வயலில் தண்ணீர் நிற்பதே அதனால்தான். தூண் அதைத் துளைத்துக்கொண்டு இறங்கும்போது துளையின் ஓரம் சரியாக அடைபடாவிட்டால் அந்த வழியே நீர் கசியும். மாதக்கணக்கில் நீரிலும் சேற்றிலும் நிற்கும் எஃகு துருப்பிடிக்கும். நீர் தேங்கிய நிலத்தில் மின்கம்பிகளின் காப்பும் நிலத்தொடர்பும் பிழையின்றி இருந்தாக வேண்டும். தூண்களின் இடைவெளி நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் திரும்பும் அளவுக்கு இல்லாவிட்டால், ஒவ்வொரு தூணைச் சுற்றியும் நடப்படாத, அறுக்கப்படாத திட்டு எஞ்சும். கணக்கில் நிழலால் வந்த இழப்பாகத் தெரிவதில் ஒரு பகுதி உண்மையில் இந்தத் திட்டுகளின் இழப்பு. மழை பெய்யும்போது அகன்ற தகட்டின் கீழ்விளிம்பிலிருந்து நீர் ஒரே கோட்டில் கொட்டி, பூத்த கதிரை அடித்துச் சாய்க்கும். காற்றும் ஒடுக்கமான தகடுகளின் இடைவெளியில் புகுந்து போவதுபோல் அகன்ற பரப்பில் போவதில்லை. 2019 செப்டம்பர் புயலில் சிபா மாநில நீர்த்தேக்கம் ஒன்றில் மிதந்த தகடுகள் பிய்ந்து குவிந்து தீப்பற்றியது, காற்றை மதிக்காத அமைப்புக்கு என்ன நேரும் என்பதை அந்நாட்டுக்கு உணர்த்தியது.

மின்சாரத்தின் பக்கம் சொல்ல வேண்டியது குறைவு. அங்கே பொறியியல் முதிர்ந்துவிட்டது. சிலிக்கான் தகட்டின் வெளியீடு வெப்பம் ஒவ்வொரு பாகை கூடும்போதும் 0.3 முதல் 0.5 சதவீதம் வரை குறையும் என்பதால், நீரும் பயிரும் ஆவியாக்கும் ஈரத்தின் மேல் உயரத்தில் நிற்கும் தகடு சற்றுக் குளிர்ந்து ஆதாயம் பெறுகிறது. இருபக்கமும் ஒளியேற்கும் தகடுகள் வயல் நீரின் எதிரொளியால் பெரிதும் பயன்பெறும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் மிகை: சூரியன் உயரத்தில் இருக்கும்போது நீர்ப்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறு பங்கையே திருப்பி அனுப்புகிறது. உண்மையான வாய்ப்பு அச்சில் சுழலும் தகடுகளில் இருக்கிறது. வழக்கமாக அவை சூரியனை நேராக நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும். இளங்கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து மணி பாதி நிறையும்வரையிலான ஏறத்தாழ 40 நாட்கள் மட்டும் அவற்றைச் சூரியனுக்கு விளிம்பு காட்டுமாறு திருப்பி வைத்தால், நெல்லுக்கு மிகத் தேவையான ஒளி அதற்கு மிகத் தேவையான காலத்தில் கிடைத்துவிடும். ஆண்டின் மின்சாரத்தில் அதற்காக விட்டுக்கொடுப்பது ஒன்பதில் ஒரு பங்கு அளவே. சுழலும் அமைப்பின் விலையும் பராமரிப்பும் கூடுதல்தான். எனினும் நெல்லின் வளர்ச்சிப் பருவத்தை அடிப்படையாக வைத்துத் தகட்டை இயக்கும் இந்த முறையே இத்துறையில் தோன்றியவற்றுள் மிகுந்த அறிவுடையது.

தமிழ்நாட்டு வாசகரின் மனத்தில் காவிரிப் படுகையின் நினைவு இந்நேரம் எழுந்திருக்கும். இந்தியாவில் 2019-இல் தொடங்கப்பட்ட பிஎம்-குசும் திட்டம், உழவர்கள் தங்கள் நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சூரிய மின்நிலையம் அமைக்கவும், விளைநிலமாக இருந்தால் அதை உயர்ந்த தூண்களின் மேல் அமைத்துக் கீழே பயிரிடவும் வழி செய்கிறது என்பதால் கேள்வி வெறும் கற்பனை அன்று. ஆனால் ஜப்பானின் 27, 39 என்ற எண்களைத் தஞ்சாவூருக்கு அப்படியே கொண்டுவர இயலாது. அங்கே ஆண்டுக்கு ஒரு போகம். இங்கே குறுவை, சம்பா, தாளடி என்று பருவத்துக்கொரு வானம். சம்பா நெல் கதிர் உருவாக்கித் தொண்டை பருக்கும் காலம் நவம்பர், டிசம்பர். வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் வானத்தை மூடியிருக்கும் காலமும் அதுவே. ஏற்கெனவே ஒளி குறைந்த அந்த வாரங்களில், மேலும் மூன்றில் ஒரு பங்கை மறைத்தால் இழப்பு ஜப்பானிய அளவைக் கடக்கவே வாய்ப்பு. அதே வாரங்களில் மேகத்தால் மின்சாரமும் குறைவாகவே கிடைக்கும். குறுவையின் நிலை வேறு. அப்போது வெயில் மிகுதி. பூக்கும் வேளையில் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் பூக்கள் மலடாகும் என்பதால், நகரும் மெல்லிய நிழல் நன்மையும் செய்யலாம். ஆகவே காவிரிப் படுகையில் ஒரு தூணையேனும் ஊன்றுவதற்கு முன், ஆடுதுறை போன்ற நெல் ஆராய்ச்சி நிலையங்களின் வயல்களில், தகட்டுக்குக் கீழும் திறந்த வெளியிலும் ஒரே ரகத்தைக் குறுவையிலும் சம்பாவிலும் பல ஆண்டுகள் பயிரிட்டு, கதிர், மணி, பதர், தரம் ஆகிய அனைத்தையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அந்த எடைகளை உழவர்கள் படிக்கும் தமிழில் வெளியிட வேண்டும். எத்தனை மெகாவாட் என்ற அறிவிப்போடு வரும் எந்தத் திட்டத்திடமும், ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற கேள்வியை முதலில் கேட்குமாறு உழவர்களையும் அவர்களுக்காக முடிவெடுப்போரையும் கேட்டுக்கொள்வதே இங்கே பொருத்தமானது.